பதினேழாவது பல்பு

இப்போதெல்லாம் ஒரு பல்பு எரியவில்லை என்றால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. ஸ்விட்சை இரண்டு தரம் தட்டுவார்கள், அப்புறம் புதுசு வாங்கப் போய்விடுவார்கள். திருகி இறுக்கினாலே எரியும் என்று சொன்னால் என்னைக் கஞ்சன் என்பார்கள். அதே ஆட்களிடம் போனில் யாராவது ஒரு எண்ணைப் போட்டு எதையாவது சொல்லட்டும், மெல்லாமல் விழுங்குவார்கள். இத்தனை லட்சம், இத்தனை சதவீதம். யார் எண்ணினான், எங்கே நின்று எண்ணினான் என்று ஒருத்தனும் கேட்பதில்லை. நான் கேட்பேன். வாழ்நாள் பூராவும் வயரிங் வேலை பார்த்தவன் நான். மெயினை அணைத்தாயிற்று என்று யார் சொன்னாலும், டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொட்டதில்லை. பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. ஊரில் எனக்கு டெஸ்டர் என்று பேர் வைத்ததும் அதனால்தான்.

என் தங்கச்சி புருஷனுக்குப் பேர் டைமர். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், தெருமுனை சிக்னல் என்று நேரம் பார்த்து வேலை செய்கிற எந்தப் பெட்டி கெட்டுப்போனாலும் அவனிடம்தான் வரும். போன வருஷம் அவனுக்கு இடது கை விழுந்துவிட்டது. பக்கவாதம். வேலை பார்த்த பட்டறையில் இரண்டு மாதம் பொறுத்தார்கள், அப்புறம் வீட்டில் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவன் முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தான். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவான், சாப்பிட்டதும் திரும்பப் போய் அதே சுவர்.

பார்க்கச் சகிக்காமல் நான்தான் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறைய எண்ணும் பெட்டிகளை வாங்கி வந்து அவன் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவனுக்காக என்று சொல்லவில்லை. "இதுல ஏதாவது தேறுமா பாரு மாப்பிள்ளை, இல்லைன்னா எடைக்குப் போட்டுடுவேன்" என்றேன். ஒரு வாரம் கழித்து அவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு வாரத்தில் என் சாப்பாட்டு மேசை போய்விட்டது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

அவன் செய்தது இதுதான். ஒரு கடிகாரம் நொடிக்கு ஒரு தட்டுத் தட்டும். பதினாறு பெட்டிகள் அந்தத் தட்டைக் கேட்டு எண்ணும். முதல் பெட்டி ஒவ்வொரு தட்டுக்கும் தன் பல்பை ஒரு கண் சிமிட்டும் நேரம் எரியவிடும். இரண்டாவது பெட்டி இரண்டு தட்டுக்கு ஒரு தரம். மூன்றாவது மூன்றுக்கு ஒரு தரம். இப்படியே பதினாறு வரை. வேறு ஒன்றும் கிடையாது.

"எல்லாம் ஒண்ணா எப்ப எரியும்?" என்று கேட்டேன்.

"எட்டு நாள் ஆகும் மச்சான். எட்டு நாளும் கொஞ்சமும்."

"பதினாறு பல்புக்கு எட்டு நாளா? சொல்றதுக்கு ஆள் பாத்துதான் சொல்றியா?"

"நீங்களே உக்காந்து பாருங்க. நான் சொல்லி நீங்க எதை நம்பியிருக்கீங்க?"

உட்கார்ந்தேன். அவன் ஆரம்பித்து வைத்த பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஒரே தட்டில் பன்னிரண்டு பல்புகள் எரிந்தன. அடுத்த தட்டில் இரண்டே இரண்டு. ஒன்றரை மணி நேரம் ஆகும் முன்பே இன்னொரு தட்டு வந்தது, பதினான்கு எரிந்தன. பதினொன்றும் பதின்மூன்றும் மட்டும் இருட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டுதான் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும் போல இருக்கே, எட்டு நாளாம் எட்டு நாள்" என்றேன். அவன் அடுத்த பல்பு சேருகிற நேரத்தை மட்டும் சொன்னான். மறுநாள் விடிந்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன், அவன் முன்கூட்டிச் சொல்லியிருந்த நேரத்துக்குப் பதினொன்று சேர்ந்துகொண்டது. பதின்மூன்று மட்டும் பாக்கி.

"இது இப்படி வந்து நிக்க பதினஞ்சு மணி நேரம் ஆச்சா? இதே மாதிரி பதிமூணு தடவை வரணும். பதிமூணாவது தடவைதான் அவன் சேருவான்" என்றான். "பதினாலு பேரு ஒண்ணரை மணி நேரத்துல ஒத்துக்கிட்டாங்க. மிச்சம் ரெண்டு பேரால எட்டு நாள்."

"வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள் தங்கச்சி, எங்கள் இருவரையும் பார்த்து.

அவன் அந்த எண்ணை எழுதிக் காட்டினான். ஒன்றிலிருந்து பதினாறு வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மிச்சமில்லாமல் வகுபடுகிற எண்களில் இதுதான் சின்னது என்றான். அதற்குக் கீழே எதுவும் கிடையாது. ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது. 720720. இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரே எண்ணை இரண்டு தரம் எழுதியது போல இருந்தது.

"இது நீயா போட்டதுதானே? எழுநூத்து இருபதுக்குப் பக்கத்துல எழுநூத்து இருபது. இப்படியெல்லாம் தானா வருமா?"

"ஏழு, பதினொண்ணு, பதிமூணு. மூணையும் பெருக்கினா ஆயிரத்து ஒண்ணு. மூணு இலக்கத்துல எந்த எண்ணையும் ஆயிரத்து ஒண்ணால பெருக்கிப் பாருங்க, அது ரெண்டு தடவை வரும்."

என் சைக்கிள் பூட்டின் மூன்று இலக்க எண் யாருக்கும் தெரியாது. கொல்லைப்பக்கம் போய், ஒரு அட்டையின் பின்னால் அதைப் பெருக்கிப் பார்த்தேன். இரண்டு தரம் வந்தது. ஆயிரத்தால் பெருக்கி அதோடு அதையே ஒரு தரம் கூட்டினால் வேறு என்னதான் வரும் என்று பிறகு புரிந்தது. புரிந்த பின்னும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் என் பூட்டுக்குள் எப்போது புகுந்தன? அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

கடைத்தெருவில் விளக்குக் கடை வைத்திருக்கிறவர் வயசில் சின்னவர். அப்பாவிடமிருந்து கடை வந்தது. வியாபாரம் மந்தம். தங்கச்சிதான் அவரிடம் போய்ப் பேசினாள். அவர் வந்து மேசையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் சொன்னார்: "இதைக் கண்ணாடி ஜன்னல்ல வைக்கிறேன். ஆளுங்க நின்னு பாத்தாங்கன்னா, கடைக்குள்ள ஒரு மூலையில உங்களுக்கு மேசை. வர்ற ரிப்பேரெல்லாம் நீங்க பாத்துக்கலாம். நிக்கலைன்னா எடுத்துட்டுப் போயிடணும்."

அன்று ராத்திரி மாப்பிள்ளை இரண்டாம் தரம் சாதம் கேட்டான். தங்கச்சி சமையலறையில் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "அண்ணே, இது மட்டும் நடக்கலைன்னா அவரு திரும்பச் சுவரைப் பாத்துப் படுத்துடுவாரு. இந்தத் தடவை எழுப்ப என்னால முடியாது. நீயும் கூட இருந்து பாத்துக்கோ."

வம்பு பல்பு மாட்டுகிற பலகையில் வந்தது. கடைக்காரர் தச்சரிடம் சொல்லிப் பலகை செய்துவிட்டார். வரிசைக்கு ஆறு, மூன்று வரிசை, ஆக மொத்தம் பதினெட்டு ஓட்டை. "ரெண்டு ஓட்டையைச் சும்மா விட்டா அசிங்கமா இருக்கும். இன்னும் ரெண்டு போட்டுடுங்க" என்றார். மாப்பிள்ளை ஒரு நிமிஷம் யோசித்தான். போனில் தட்டினான். "போட்டுடலாம். பதினெட்டும் மிச்சமில்லாம வகுபடுது. எட்டு நாள் எட்டு நாள்தான்" என்றான். பெட்டிகள் சாக்கிலேயே இருந்தன. ஒரு கையால் அவன் பிடிக்க, நான் இணைப்புக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி நாற்பத்தெட்டு நிமிஷத்துக்கு ஆரம்பித்தோம். அந்த நேரத்துக்கு ஆரம்பித்தால்தான் மறுவாரம் செவ்வாய் சாயங்காலம் ஏழு மணிக்குச் சரியாக வந்து விழும், கடைத்தெருவில் கூட்டம் இருக்கும் என்று அவன் பின்னாலிருந்து கணக்குப் போட்டிருந்தான். ஸ்விட்ச் போட்டதும் பதினெட்டும் ஒரு தரம் எரிந்தன.

"அதான் எல்லாம் எரிஞ்சிடுச்சே, அப்புறம் எதுக்கு எட்டு நாள்?" என்றேன்.

"இது நான் எரிய வச்சது மச்சான். அது தானா எரியணும்."

கரண்ட் போனாலும் எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாது என்று கீழே பேட்டரி வைத்திருந்தோம். கடைக்காரர் ஜன்னலில் எழுதி ஒட்டினார்: செவ்வாய் மாலை ஏழு மணிக்கு எல்லா விளக்குகளும் ஒன்றாக எரியும். ஆட்கள் நின்றார்கள். பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள், பள்ளிவிட்டுப் போகிறவர்கள், தையற்கடைப் பெண்கள். ஒரு ஆள் தினமும் வந்து நின்று, எல்லாம் எரியப்போகிறது எரியப்போகிறது என்று சொல்லி ஏமாந்துவிட்டுப் போனான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. நானும் போனேன், வேறு வேலையாகப் போனது போல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிகள் தட்டுகிற சத்தம் தூறல் தகரத்தில் விழுவது போல இருக்கும். ஒரு நொடி பலமாக, ஒரு நொடி ஒற்றைச் சொட்டாக. ஒரு தரம் பார்த்ததை மறுபடி பார்க்கலாம் என்று நின்றால் நிற்பதுதான் மிச்சம், அது வராது.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குத் தெரு அடைத்துவிட்டது. கடைக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளை உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், விழுந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு. யாரோ போனைப் பார்த்து நொடி எண்ணினார்கள். ஐந்து, நான்கு, மூன்று. பல்புகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி நொடியில் முதல் பல்பு மட்டும் ஒற்றையாக எரிந்தது.

அப்புறம் ஒரே சத்தம். டக். பலகை முழுக்க வெளிச்சம். அடி வரிசையில், ஓரத்துக்கு முந்தைய இடத்தில், ஒரு ஓட்டை. பல் விழுந்த வாய் மாதிரி.

பிறகு பின்னாலிருந்து ஒருத்தன், "பல்பு விக்கிற கடையிலயே பல்பு ஃபியூஸ்" என்றான். தெரு சிரித்தது. சிரித்துக்கொண்டே கலைந்தது.

நான் ஏணியைப் போட்டு ஏறினேன். பதினேழாவது பல்பில் கையை வைக்கப் போகும்போது அது என் மூஞ்சிக்கு நேராக எரிந்து அணைந்தது. கழற்றிவிட்டு வேறு பல்பு போட்டேன். பதினேழு நொடியில் அதுவும் எரிந்தது. ஹோல்டரைப் பார்த்தேன், டெஸ்டரை வைத்தேன், கம்பியைப் பெட்டி வரை பிடித்துக்கொண்டு போனேன். எங்கும் பழுது இல்லை. ஒரு பழுது கிடைக்காதா என்று அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்தரம் ஆசைப்பட்டேன்.

"சர்க்கஸ் காட்டினது போதும், கழட்டிடுங்க" என்றார் கடைக்காரர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சலிப்பாகச் சொன்னார். "நாளைக்குக் காலையில வந்து எடுத்துட்டுப் போயிடுங்க."

தங்கச்சி சுவரில் சாய்ந்து நின்றாள். மாப்பிள்ளை தன் போனை அவளிடம் நீட்டி, "பதினேழால வகுத்துச் சொல்லு" என்றான். அவள் தட்டிப் பார்த்து, "புள்ளி வச்சு நீளமாப் போகுதுங்க" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "பதினெட்டை மட்டும்தான் பாத்தேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் என்ன செய்திருக்கிறான் என்று எனக்கு விளக்கவே வேண்டாம். வரிசையாகப் பல்பு போட்டால் நாங்கள் எல்லாவற்றையும் சோதிப்பதில்லை. லைனின் கடைசிப் பல்பில் கரண்ட் வந்திருக்கிறதா என்று பார்ப்போம். வால் வரை வந்துவிட்டால் நடுவில் உள்ளதற்கும் வந்துதானே இருக்க வேண்டும்? நானும் அப்படித்தான் செய்வேன், எல்லா வயர்மேனும் அப்படித்தான். அவன் எண்களையும் ஒரு லைன் என்று நினைத்துவிட்டான். பதினெட்டு உள்ளே வந்துவிட்டது, பதினேழு வழியில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

"பதினெட்டு புதுசா எதுவும் கேக்கலை மச்சான். ரெண்டு ஒன்பது பதினெட்டு, ரெண்டுமே ஏற்கனவே உள்ள இருக்கு. பதினேழு யாருக்கும் சொந்தமில்லை. எதையும் எதையும் பெருக்கி அதைக் கொண்டுவர முடியாது. பதிமூணு மாதிரி அதுவும் தனி ஆளு."

"சரி, இப்ப என்ன ஆகும்?"

"எட்டு நாளைப் பதினேழால பெருக்கணும்."

நூற்று நாற்பத்தோரு நாளும் மேலே கொஞ்ச மணி நேரமும். ஆரம்பித்த போன வாரத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால் நாலரை மாதத்துக்கு மேல். ஒரு புதன்கிழமை காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிஷம். அவன் உட்கார்ந்த இடத்திலேயே சொன்னான்.

கடைக்காரர் உள்ளே பணப்பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவன் காதில் சொன்னேன்: "பதினேழோட கம்பியைப் பதினாறாவது பெட்டியில சேத்துடறேன். இன்னும் எட்டு நாள்ல எல்லாம் எரியும். எவனுக்குத் தெரியும்?"

"அப்ப எண்ணுறது எதுக்கு மச்சான்? மொத்தத்துக்கும் ஒரே ஸ்விட்சைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாமே."

"அப்ப சுவரைப் பாத்துப் படுக்கப் போறியா?"

தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் நான் கடைக்காரரிடம் போனேன். என்ன சொல்வதென்று எனக்கே தெரியாது. "சாயங்காலம் போன்ல படம் பிடிச்சீங்களே, அதைக் காட்டுங்க" என்றேன். காலத்தைக் கடத்தத்தான் கேட்டேன்.

காட்டினார். அதே கூட்டம், அதே சத்தம், அதே ஓட்டை. "முன்னாடி போங்க" என்றேன். ஏழு மணிக்கு முந்தைய நொடிகள். முதல் பல்பு மட்டும். அதற்கு முந்தைய நொடி ஒன்றும் இரண்டும். அதற்கு முன் ஒன்றும் மூன்றும். அதற்கு முன் ஒன்று, இரண்டு, நான்கு. அதற்கு முன் ஒன்றும் ஐந்தும், கூடவே அடி வரிசையில் அந்தப் பதினேழு. பளிச்சென்று எரிந்தது.

"அஞ்சு நொடி முந்தியே எரிஞ்சிருக்கு. பாத்தீங்களா, டைமிங் தப்பு" என்றார் கடைக்காரர்.

பில் புத்தகத்துக்கு அடியில் கிடந்த பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்தேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், நீள் வகுத்தல் தெரியும். ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபதைப் பதினேழால் வகுத்தேன். பதினேழாம் வாய்ப்பாடு எனக்கு வராது, ஓரத்தில் கூட்டிக் கூட்டி எழுதிக்கொண்டேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மிச்சம் வந்தது.

ஐந்து.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில் நான் போட்ட கணக்கு ஐந்து என்கிறது. கடைக்காரர் போனில் இருக்கிற படமும் ஐந்து என்கிறது. இரண்டுக்கும் முன்பின் பழக்கமில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு நாளும் எட்டு மணி நேரமும் அந்தப் பெட்டி யாருக்கும் பயப்படாமல் பதினேழு பதினேழாக எண்ணிக்கொண்டே வந்து, அத்தனை லட்சத்தின் விளிம்பில், என் பென்சிலுக்கு என்ன மிச்சம் விழப்போகிறதோ அதே இடத்தில் எரிந்திருக்கிறது. இத்தனைக்கும் நான் அப்போது பென்சிலையே தொடவில்லை. எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. யாரும் பார்க்காமல் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"டெஸ்டரண்ணே, நீங்க சொல்லுங்க" என்றார் கடைக்காரர். "நீங்க யாருக்கும் பரிஞ்சு பேசுற ஆளில்லைன்னு அப்பா சொல்லுவாரு. இதுல பழுது இருக்கா இல்லையா?"

"கம்பியில பழுது இல்லை. பல்புல இல்லை. பெட்டியிலயும் இல்லை" என்றேன். "நாலரை மாசம் கழிச்சு எரியும்னு இவன் சொல்றதை நான் நம்பலை. ஆனா பழுதுன்னு சொல்லிக் கழட்ட முடியாது. பழுது இல்லை."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி. அந்தப் புதன்கிழமை வரைக்கும் இருக்கட்டும். அன்னிக்கும் எரியலைன்னா அன்னிக்கே கிளம்பிடணும். இன்னொரு தேதி எல்லாம் சொல்லக் கூடாது."

மாப்பிள்ளைக்கு மூலையில் மேசை கிடைத்தது, தவணை முறையில் உயிர் கொடுத்தது போல. ரிப்பேர் வந்தது. ஒற்றைக் கையால் அவன் எப்படியோ பார்த்தான், பிடிக்க ஆள் வேண்டுமென்றால் கடைக்காரரே பிடித்தார். ஆனால் ஒவ்வொரு ரிப்பேருக்கு நடுவிலும் அவன் கண் ஜன்னலுக்குப் போகும். தூக்கத்தில் எழுந்து, கரண்ட் இருக்கிறதா என்று கேட்பான் என்று தங்கச்சி சொன்னாள். ஒரு தட்டு விட்டுப்போனால் போதும், ஒரு பெட்டி ஒரே ஒரு எண்ணைத் தவறவிட்டால் போதும், எல்லாம் போயிற்று. அதற்கு அப்புறம் சுவர்தான்.

ஒரு நாள் மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கேட்டேன். "இன்னும் ஒண்ணு சேத்தா என்ன ஆகும்?"

"பத்தொன்பது சேத்தா ஏழு வருஷத்துக்கு மேல. இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு சும்மா வந்து உக்காரும், ஒரு நொடிகூடக் கூடாது. இருபத்து மூணு வந்துச்சுன்னா நூத்தி எழுபது வருஷம் கிட்ட."

"முப்பது பல்பு போட்டா?"

அவன் போனைக் கையில் எடுக்காமலே சொன்னான், ஏற்கனவே போட்டுப் பார்த்திருப்பான். "எழுபத்து மூவாயிரம் வருஷத்துக்கும் மேல."

நான் ஒரு மாடிப்படிக்கு முப்பது பல்பு போட்டிருக்கிறேன். அரை நாள் வேலை. அந்தப் படியில் ஏறி இறங்குகிறவர்களை நினைத்துப் பார்த்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன், மூடியைத் திறந்துகூடக் கொடுக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை வந்தது. யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. ஆறு மணிக்குத் தெரு கழுவிவிட்டது போல இருந்தது. கடைக்காரர் பாதித் தூக்கத்தில் வந்து ஷட்டரைத் தூக்கினார். தங்கச்சி வந்தாள். தெரு கூட்டுகிற அம்மா ஒருத்தி துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். அப்புறம் அந்தத் தினமும் ஏமாந்த ஆள், எப்படித் தெரிந்ததோ, பல்குச்சியோடு வந்தான்.

மாப்பிள்ளை உள்ளே போகப் பார்த்தான். "நீ இங்க நில்லு" என்றேன்.

"எதுக்கு மச்சான்?"

"நீ உள்ள இருந்தா நான் எதைப் பாக்குறது, பலகையையா உன் கையையா? கடைக்காரரே, நீங்களும் வெளியே வாங்க. கதவைச் சாத்துங்க."

"எங்கண்ணன் எமன் வந்தாலும் அடையாள அட்டை கேக்கும்" என்றாள் தங்கச்சி.

எல்லோரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். மாப்பிள்ளை நல்ல கையால் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றி வேர்த்திருந்தது. உள்ளே தூறல் போல அந்தச் சத்தம். ஒரு பலத்த தட்டு, இரண்டு மெல்லிய தட்டு. பதினெட்டும் பதினேழும் பதினாறும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போயின. அப்புறம் சின்ன எண்கள். ஒன்றும் ஐந்தும். இந்தத் தரம் பதினேழு எரியவில்லை. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்தான். ஒன்று, இரண்டு, நான்கு. ஒன்றும் மூன்றும். ஒன்றும் இரண்டும். ஒன்று.

அந்த ஒரு நொடி கடை முழுக்க இருட்டாக இருந்தது, மேல் மூலையில் ஒரே ஒரு விளக்குத் தவிர.

டக்.

பதினெட்டும். ஓட்டை இல்லாமல், ஓரம் வரைக்கும். தெருவில் எங்கள் நிழல் பின்னால் விழுந்தது. தெரு கூட்டுகிற அம்மாவின் கண்ணில் அத்தனை விளக்கும் தெரிந்தன.

அடுத்த தட்டில் மறுபடி ஒன்று மட்டும். அதற்கடுத்து ஒன்றும் இரண்டும். ஒன்றும் மூன்றும். ஒன்று, இரண்டு, நான்கு. ஒன்றும் ஐந்தும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வரும்போது வைத்த அடியில் அப்படியே காலை வைத்து, ஒன்று பிசகாமல். நாலரை மாதம் நடந்து வந்து, ஒரு நொடி நின்று, திரும்பிவிட்டது. பக்கத்தில் பல்குச்சிக்காரன் வாயில் நுரையோடு நின்றான்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "மேசையை மூலையில இருந்து எடுத்து ஜன்னல் பக்கத்துல போட்டுக்கலாம் அண்ணே. வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றார். மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினான். அவன் முகம் பூராவும் நனைந்திருந்தது. தங்கச்சி முந்தானையால் அதைத் துடைத்தாள், தெருவென்றும் பார்க்காமல்.

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். பலகையின் பின்பக்கம் கை விட்டுப் பார்த்தேன். பெட்டிகளின் அடியில் பார்த்தேன். புதுசாக ஒரு கம்பியும் இல்லை. ஸ்விட்ச் எதுவும் ஒளித்து வைத்திருக்கவில்லை. பதினேழு என் கைக்குப் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தது, ஒன்றும் நடக்காதது போல. வெளியே வந்தேன்.

"அண்ணே, இப்பவாவது நம்புறியா?" என்றாள் தங்கச்சி.

"ஒரு தடவை பாத்ததை வச்சு எப்படி நம்புறது? யதேச்சையாக்கூட எரிஞ்சிருக்கும். இன்னொரு தடவை வரட்டும், பாக்கலாம்" என்றேன்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தான், அடுத்தது எந்தக் கிழமை, எத்தனை மணி என்று சொல்ல. நான் அதைக் கேட்க நிற்கவில்லை. தெருவைக் கடந்து வீட்டைப் பார்க்க நடந்தேன்.